தெரிந்ததைச் சொல்லும் தேர்வு

"கொழுந்து எப்படித் தூளாகுதுன்னு இங்கிலீஷ்ல எழுதுங்க" என்றேன். போனக்காட்டில் ஒரு லயத்துத் திண்ணையில் நான் எடுத்த முதல் வகுப்பு அது. விடுமுறைக்கு வந்திருந்த நாலைந்து பிள்ளைகள். எல்லோரும் பட்டப்படிப்பில் இருப்பவர்கள், இல்லையென்றால் முடித்தவர்கள். எல்லோர் வீட்டிலும் ஒருவராவது கொழுந்து பறித்தவர். ஐந்து நிமிடம் போன பிறகும் தாள் வெள்ளையாகவே இருந்தது. ஒரு பெண் மட்டும் தலையைத் தூக்கி, "சார், இதெல்லாமா கேப்பாங்க? குளோபல் வார்மிங், டெக்னாலஜி, அந்த மாதிரிதானே வரும்?" என்றாள்.

கேட்பார்கள். ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வின் எழுத்துத் தாளில் முதல் கேள்வி சில சமயம் ஒரு செய்முறைப் படமாக வரும். செங்கல் சுடுவதாக இருக்கலாம், சிமென்ட் தயாரிப்பாக இருக்கலாம், காப்பிக்கொட்டையாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்து, என்ன நடக்கிறது என்று 150 சொற்களுக்குக் குறையாமல் எழுத வேண்டும். தொழிற்சாலை வாசனையிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அது பழக்கமான சங்கதி. ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க யாரும் சொல்லித் தருவதில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வந்தால் போனக்காடு. வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம். தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது, இயந்திரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் மட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். பல வீடுகளில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பரீட்சைக்கு இங்கிலீஷ். தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர் என்று சொல்லப்படும் அகத்தியரின் மலை தலைக்கு மேலேயே நிற்கிறது. அதன் அடிவாரத்தில் உட்கார்ந்து ஆங்கில இலக்கணம் படிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. இந்த அத்தியாயத்தை இந்த ஊர்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். மூணாறிலோ வால்பாறையிலோ நுவரெலியாவிலோ இருப்பவர்களும் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் எந்தத் தேர்வு

"ஐஇஎல்டிஎஸ் எழுதப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு?" என்பதுதான். பதில் இல்லையென்றால் தேர்வுக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். அது 17,000, 18,000 ரூபாய் விவகாரம். மதிப்பெண்ணுக்கும் இரண்டே ஆண்டுதான் ஆயுள்.

ஐஇஎல்டிஎஸ்ஸில் இரண்டு வகை உண்டு. மேற்படிப்புக்கு அகாடமிக், வேலைக்கும் குடியேற்றத்துக்கும் ஜெனரல் ட்ரெய்னிங். பதியும்போது அவசரத்தில் மாற்றித் தட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிரிட்டன் விசாவுக்கென்று யூகேவிஐ என்ற தனிப் பதிவும் இருக்கிறது. கேள்விகள் அதேதான், ஆனால் சான்றிதழ் வேறு. உங்கள் பல்கலைக்கழகம் எதைக் கேட்கிறது என்பதை அதன் சேர்க்கைப் பக்கத்தில் நீங்களே படியுங்கள். அடுத்த வீட்டு அண்ணன் சொன்னதை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

பியர்சன் நடத்தும் பிடிஇ, அமெரிக்காவின் டோஃபல், வீட்டிலிருந்தே எழுதும் டியோலிங்கோ ஆகியவையும் உண்டு. பிடிஇ-யில் கணினியிடம் பேச வேண்டும். ஆளைப் பார்த்துப் பேசக் கூச்சப்படும் சிலருக்கு அது வசதி. கேரளத்தில் நர்ஸிங் முடித்து வேலைக்குப் போகிறவர்கள் நாடுவது ஓஇடி. நோயாளியுடன் பேசுவது, பரிந்துரைக் கடிதம் எழுதுவது என்று எல்லாமே மருத்துவமனைச் சூழலில் வரும். நர்ஸிங் படித்த பிள்ளைக்குப் பருவநிலை மாற்றம் பற்றிக் கட்டுரை எழுதுவதை விட அது எவ்வளவோ மேல்.

ஊரில் உலவும் பழைய தகவல்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். "கனடாவுக்கு எஸ்டிஎஸ்ல போட்டா சீக்கிரம் கெடைக்கும்" என்று இன்னமும் சொல்கிறார்கள். அந்த விரைவு வழியைக் கனடா 2024 நவம்பர் 8-ஆம் தேதியே மூடிவிட்டது. ஆஸ்திரேலியா மாணவர் விசாவுக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணை 2024 மார்ச்சில் 5.5-லிருந்து 6.0 ஆக்கியது. ஏஜென்டுகள் "சேவை இலவசம்" என்பார்கள். பெரும்பாலும் கல்லூரி தரும் கமிஷனில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. எந்தக் கல்லூரி கமிஷன் தருகிறதோ அதுவே அவர்கள் வாயில் நல்ல கல்லூரி. எல்லோரையும் குற்றம் சொல்லவில்லை. கணக்கு அப்படி என்று தெரிந்து போய் உட்காருங்கள்.

அரசுப் பக்கமும் ஒரு வாசல் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் நோர்க்கா ரூட்ஸ் மொழிப் பயிற்சி நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. ஐஇஎல்டிஎஸ், ஓஇடி, ஜெர்மன் மூன்றும் உண்டு, ஏழை மாணவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. கேரள அரசின் ஒடெபெக் நிறுவனமும் பயிற்சி தருகிறது. கோச்சிங் சென்டர் விளம்பரத்தைப் பார்ப்பதற்கு முன் இவ்விரண்டையும் விசாரித்து விடுங்கள்.

பெயர், இனிஷியல், பாஸ்போர்ட்

பாடத்தை விட்டு இதற்கு ஏன் தாவுகிறேன் என்று நினைக்கலாம். தமிழ்ப் பிள்ளைகள் தேர்வறை வாசலில் மாட்டிக்கொள்வது அதிகமும் இதில்தான். பள்ளிச் சான்றிதழில் "செல்வி எம்." என்று இருக்கும். ஆதாரில் "எம் செல்வி". பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத் தந்தை பெயர் குடும்பப் பெயராகப் போயிருக்கும். தேர்வுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி தட்டுங்கள். அன்று கையில் அந்தப் பாஸ்போர்ட்டின் அசல் இருக்க வேண்டும். நகல் செல்லாது, ஆதார் செல்லாது. பள்ளிச் சான்றிதழுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பெயர் பொருந்தவில்லையென்றால், விண்ணப்பக் காலத்தில் உறுதிமொழிப் பத்திரத்துக்கு அலைய வேண்டி வரும். அதனால் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே சான்றிதழை எதிரில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். போலீஸ் விசாரணைக்கு வீட்டுக்கு ஆள் வருவார். லயத்து முகவரிகளில் ஒரே லயத்துக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கும். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

மதிப்பெண் எப்படி விழுகிறது

கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை. நான்கின் சராசரிதான் மொத்தம். சராசரி .25-இல் முடிந்தால் அரைக்கு ஏறும், .75-இல் முடிந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏறும். இந்தச் சின்னக் கணக்கில் ஒருவரின் வருடமே மாறிப்போகும். கேட்டலில் 6.5, வாசித்தலில் 6.5, எழுதுதலில் 6, பேசுதலில் 6 என்றால் கூட்டல் 25, சராசரி 6.25. கையில் கிடைப்பது 6.5. எழுதுதலில் மட்டும் 5.5 ஆகியிருந்தால் கூட்டல் 24.5, சராசரி 6.125, கிடைப்பது வெறும் 6. அது மட்டுமில்லை. "மொத்தம் 6.5, எதிலும் 6-க்குக் குறையக் கூடாது" என்று கேட்கும் பல்கலைக்கழகங்களே மிகுதி. ஒரே பகுதி காலை வாரிவிட்டாலும் வாசல் அடைந்துவிடும்.

எனவே நன்றாக வரும் பகுதியை மேலும் மெருகேற்றுவதில் நேரத்தைக் கொட்டாதீர்கள். நொண்டுகிற காலுக்குத்தான் மருந்து போட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் எழுதுதல். கணினியில் எழுதுகிறவர்கள் ஒரு பகுதியை மட்டும் 60 நாட்களுக்குள் மறுபடி எழுதும் வசதியும் இப்போது உண்டு. உங்கள் கல்லூரி அதை ஏற்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கேட்டலிலும் வாசித்தலிலும் தலா 40 கேள்வி. ஏறத்தாழ 23 சரியானால் 6, 30 சரியானால் 7. தப்புக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

கேட்டல்

ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். நான் முதன்முதலாக எழுதியபோது ஏழாவது கேள்வியின் விடையை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது பதினொன்றாவது ஓடிக்கொண்டிருந்தது. போன பஸ்ஸுக்குக் கை காட்டிப் பயனில்லை. விட்டதை விட்டுவிட்டு அடுத்த கேள்வியில் போய் நில்லுங்கள். பதிவு ஓடத் தொடங்கும் முன் கேள்விகளைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் தருவார்கள். அந்த நொடிகளில் "இங்கே வருவது எண்ணா, பெயரா, கிழமையா?" என்று ஊகித்து வைத்துக்கொள்வதுதான் பாதிப் படிப்பு.

முதல் பகுதியில் பெயரும் எண்ணும் சொல்வார்கள், எழுத்துக்கூட்டியும் சொல்வார்கள். இங்கேதான் நம் காது தடுக்கும். நாம் "ஏ" என்று நினைப்பதை அவர்கள் "எய்" என்பார்கள். ஜி-யும் ஜே-யும் குழம்பும். இரண்டு எல் என்றால் "டபுள் எல்", பூஜ்யம் "ஓ", கடைசி எழுத்து "ஸெட்". தர்ட்டீன், தர்ட்டி இரண்டிலும் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேளுங்கள். பதின்மூன்றில் பின்பாதி நீளும், முப்பதில் முன்பாதி அழுந்தும். இதற்கு ஒரு வீட்டுப் பயிற்சி உண்டு. ஒருவர் கற்பனையாக ஒரு பெயர், தெரு, போன் எண் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். பத்து நாள் செய்தால் அந்தத் தடுமாற்றம் போய்விடும். காசு செலவில்லாத இந்தப் பயிற்சியை யாரும் செய்வதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

போனக்காட்டில் ரேஞ்ச் கிடைக்க ஒரு குறிப்பிட்ட வளைவில் போய் நிற்க வேண்டும். அதனால் விதுராவிலோ நெடுமங்காட்டிலோ இருக்கும்போதே ஒலிப்பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சி ஆறே நிமிடம். பஸ்ஸில் ஒரு கொண்டை ஊசி வளைவிலிருந்து அடுத்த செக்போஸ்ட் வருவதற்குள் ஒன்று முடிந்துவிடும். முதல் முறை சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, அதே ராகத்தில் திருப்பிச் சொல்லுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

வாசித்தல்

மூன்று நீண்ட பத்திகள், 60 நிமிடம். எல்லாவற்றையும் வரிக்கு வரி படிக்க உட்கார்ந்தால் மூன்றாம் பத்தியை எட்ட மாட்டீர்கள். பெரும்பாலானோர் இடறும் இடம் 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' கேள்வி. விளக்க நம் மலையையே எடுத்துக்கொள்கிறேன்.

பத்தியில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கான மலையேற்றம் போனக்காட்டிலிருந்து தொடங்குகிறது. 2018-இல் வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 2019 ஜனவரியில் பெண்களும் அதில் அனுமதிக்கப்பட்டார்கள்."

"அகத்தியர்கூடம் 2,000 மீட்டரைவிட உயரம் குறைந்தது" என்பது ட்ரூ. "2018 ஜனவரியில் பெண்கள் அனுமதிக்கப்பட்டார்கள்" என்பது ஃபால்ஸ், பத்தி சொல்வதற்கு அது நேர் எதிர். "மலையேற்றத்துக்கு வருபவர்களில் ஆண்களே அதிகம்" என்பது? இங்கே எல்லோரும் ட்ரூ போடுவார்கள். ஊரில் இருந்து பார்த்தவர்கள் இன்னும் உறுதியாகப் போடுவார்கள். சரியான விடை நாட் கிவன். பத்தி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்களுக்குத் தெரிந்ததை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு இந்தக் கேள்விக்குள் போக வேண்டும். நான் இந்தப் புத்தகம் முழுக்கத் 'தெரிந்ததைச் சொல்லுங்கள்' என்று சொல்கிறேன். அதற்கு ஒரே விலக்கு இதுதான்.

பயிற்சிக்குக் கேம்பிரிட்ஜ் வெளியிடும் பழைய வினாத்தாள் தொகுப்புகளையே எடுங்கள். மற்றவை பலவும் அரைகுறை. வாங்கப் பணம் இல்லையென்றால் நூலகத்தில் தேடுங்கள். தலைநகரில் பாளையத்துக்குப் போனால் மாநில மத்திய நூலகம் இருக்கிறது, 1829-இல் தொடங்கியது. கையோடு ஆங்கில நாளிதழின் நடுப்பக்கத்தையும் படித்துவிட்டு வரலாம்.

எழுதுதல்

இங்கே கொஞ்சம் நிற்கலாம். எழுத்துத் தாள் 60 நிமிடம். முதல் கேள்விக்கு 20 நிமிடம், இரண்டாவதற்கு 40. இரண்டாவதற்கே இரட்டை மதிப்பு.

மறுபடி கொழுந்துக்கு வருகிறேன். அன்று திண்ணையில் என்ன செய்தோம் என்றால், முதலில் தமிழில் சொல்லச் சொன்னேன். கொழுந்தை வாட்டுத் தட்டில் பரப்புவார்கள், இரவு முழுக்க வாடும். பிறகு ரோலரில் போட்டு உருட்டுவார்கள், சாறு வெளியே வரும். கொஞ்ச நேரம் பரப்பி வைத்தால் பச்சை செம்பு நிறமாகும். டிரையரில் காயும். கடைசியில் சல்லடையில் தரம் பிரிப்பார்கள். நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போட்டால்தான் ஒரு கிலோ தூள் கிடைக்கும். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தியின் பாட்டி உள்ளே இருந்து, "வாட்டு சரியில்லன்னா மத்த எதுவும் சரியா வராது" என்று திருத்தமும் சொன்னார்.

அப்புறம் ஆங்கிலத்துக்கு வந்தோம். முதல் தடை என்ன தெரியுமா? "பரப்புவார்கள்", "உருட்டுவார்கள்" என்று தமிழில் செய்கிறவரைச் சேர்த்தே பேசுகிறோம். ஆங்கிலச் செய்முறை விளக்கத்தில் செய்கிறவர் காணாமல் போய்விடுவார். 'த லீவ்ஸ் ஆர் ஸ்ப்ரெட்', 'த லீவ்ஸ் ஆர் ரோல்டு'. யார் பரப்பினார், யார் உருட்டினார் என்ற பேச்சே இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு அது கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும், மதிப்பெண் அந்த வாக்கிய அமைப்பில்தான் இருக்கிறது. இரண்டாவது தடை 'த'. தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது, மலையாளத்திலும் கிடையாது. முதல் முறை பேசும் ஒற்றைப் பொருளுக்கு 'எ', இன்னதென்று தெரிந்துவிட்ட பொருளுக்கு 'த'. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே பாதித் தப்பு குறையும்.

படம் வரும்போது இன்னொன்றையும் மறக்காதீர்கள். எல்லாப் படிகளையும் எண்ணி, "இதில் ஐந்து கட்டங்கள் உள்ளன, கொழுந்து பரப்புவதில் தொடங்கித் தரம் பிரிப்பதில் முடிகிறது" என்று ஒரு பொதுவாக்கியம் மேலே எழுதியே ஆக வேண்டும். அந்தப் பொதுப்பார்வை இல்லாத விடை 6-ஐத் தாண்டுவது கடினம்.

இரண்டாவது கேள்வி கருத்துக் கட்டுரை, 250 சொல். இங்கே கோச்சிங் சென்டர்கள் ஓர் அச்சு தருகின்றன. "இன் திஸ் மாடர்ன் எரா" என்று தொடங்கி, எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் பத்து வாக்கியங்கள். திருத்துகிறவர் அன்று அதே வரியை எத்தனையாவது தடவையாகப் படிக்கிறாரோ தெரியாது. மனப்பாட வாக்கியத்தைக் கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பெரிய வேலையும் இல்லை.

வேண்டியது ஒரு நிலைப்பாடும் அதைத் தாங்கும் ஒரு உண்மையான உதாரணமும். நம் பக்கத்திலேயே இருக்கிறது. "மரபு அறிவிலிருந்து வரும் லாபத்தில் அந்த மக்களுக்குப் பங்கு தர வேண்டுமா?" என்று ஒரு கேள்வி வந்தால் நீங்கள் வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். 1987-இல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன ஆய்வாளர்கள், கூட வந்த காணி இன வழிகாட்டிகள் களைப்புத் தெரியாமல் நடக்க ஒரு செடியின் காயைத் தின்பதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் இருக்கும் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மஸிக்குத் தயாரிப்பு உரிமை கொடுத்தது. உரிமத் தொகை 10 லட்சம் ரூபாய். அதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. 1997-இல் அவர்களுக்கென அறக்கட்டளை பதிவானது. உலகெங்கும் இதை முன்மாதிரி என்று பேசினார்கள். பங்கு போதவில்லை, எல்லாக் காணிக் குடிகளிடமும் கேட்கவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. ஒரே சம்பவத்தில் இரண்டு பக்கமும் இருக்கிறது. இதை ஐந்து வாக்கியத்தில் எழுதினால் அந்தக் கட்டுரை உங்களுடையது.

எழுதி முடித்த பின் மூன்று நிமிடம் ஒதுக்கி நம் வழக்கமான தப்புகளை மட்டும் தேடுங்கள்: 'டிஸ்கஸ் அபவுட்', 'டிட் வென்ட்', 'மை மதர் ஒர்க்', 'ஐ ஆம் ஹாவிங் டூ பிரதர்ஸ்'. தேர்வு இப்போது பெரும்பாலும் கணினியில்தான். போனில் கட்டைவிரலால் தட்டிப் பழகியவர்களுக்கு விசைப்பலகை காட்டில் விட்டது போல இருக்கும். அக்ஷயா கணினி மையத்திலோ கல்லூரி லேபிலோ வாரம் இரண்டு முறை உட்கார்ந்து ஒரு முழுக் கட்டுரையைத் தட்டச்சு செய்யுங்கள். வேகம் பெரிதாக வேண்டாம், விரல் தேடாமல் இருந்தால் போதும்.

பேசுதல்

11 முதல் 14 நிமிடம், எதிரில் ஒரு தேர்வாளர். சில மையங்களில் திரை வழியாக. முதலில் வீடு, ஊர், படிப்பு பற்றிய சாதாரணக் கேள்விகள். அடுத்து ஓர் அட்டை தருவார்கள், ஒரு நிமிடம் யோசித்து இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். பிறகு அதையொட்டி விவாதம்.

"நீங்கள் பார்த்த ஒரு பழைய கட்டடத்தை விவரியுங்கள்" என்று அட்டை வந்தால், மனப்பாடக் கோஷ்டி முழுவதும் தாஜ்மகாலுக்குப் போய்விடும். பார்த்தே இராத தாஜ்மகால்! போனக்காட்டுப் பிள்ளைக்கு என்ன குறை? தோட்ட மேனேஜர் குடியிருந்த பாழ் பங்களா ஒன்று மேட்டில் நிற்கிறது. அங்கே ஒரு சிறுமியின் ஆவி உலவுகிறது என்ற கதையைக் கேட்டுவிட்டு, கேமராவும் கையுமாகப் பையன்கள் பைக்கில் வந்து இறங்குகிறார்கள். இந்த அட்டையைக் கொடுத்துப் பேசச் சொன்னபோது வகுப்பில் ஒரு பையன் திணறித் திணறிச் சொன்னது: "எங்க வீட்டுல இருந்து பார்த்தா தெரியும் சார். நாங்க சின்ன வயசுல அங்க போய்த்தான் ஒளிஞ்சு விளையாடுவோம். பேயெல்லாம் பார்த்ததில்ல. வர்றவங்க குப்பையத்தான் பார்த்திருக்கேன்." இதையே ஆங்கிலத்தில் சொல்ல வைத்தேன். இரண்டு நிமிடம் நிற்காமல் ஓடியது. சின்னச் சின்ன இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆனால் அடுத்து என்ன சொல்வது என்று கூரையைப் பார்க்க வேண்டிய நிலை அவனுக்கு வரவே இல்லை.

உச்சரிப்பைப் பற்றிப் பயம் அதிகம். பிரிட்டிஷ்காரன் மாதிரிப் பேச வேண்டியதில்லை, புரிந்தால் போதும். போலியாக நாக்கைச் சுழற்றினால் இருந்த தெளிவும் போய்விடும். கவனிக்க வேண்டியவை சில உண்டு. தமிழில் ஒரே 'க' தான் இரண்டு ஒலிக்கும், அதனால் 'பேக்' என்றால் பையா, முதுகா என்று கேட்பவர் குழம்புவார். மலையாளப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு, அந்த எழுத்திலேயே பிரிவு இருக்கிறது. அவர்களுக்கு வேறு வம்பு: தமிழ் வாய்க்கு 'ஆபீஸ்' ஆவது மலையாள வாய்க்கு 'ஓஃபீஸ்' ஆகும். இரண்டு மொழியும் கலந்த நம் பிள்ளைகள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகச் சொல்வார்கள். சொல்லின் கடைசியில் 'உ' சேர்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். பஸ் என்றால் பஸ், 'பஸ்ஸு' இல்லை.

பேசிப் பழக ஆள் இல்லை என்பார்கள். ஜனவரி, பிப்ரவரியில் மலையேற வரும் கூட்டத்தில் எத்தனையோ ஊர்க்காரர்கள் இருப்பார்கள். வழி கேட்பவருக்கு ஆங்கிலத்தில் வழி சொல்லுங்கள். விதுரா அருகே மருதாமலையில் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனம் இருக்கிறது, பல மாநில மாணவர்கள் நடமாடும் இடம். யாரும் கிடைக்காத நாளில் போனில் உங்கள் குரலைப் பதிந்து கேளுங்கள். முதல் தடவை சகிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான்.

எத்தனை நாள், எப்போது

பி1 நிலையிலிருந்து பி2-வுக்குப் போக, அதாவது சுமார் 5-லிருந்து 6-க்கு மேல் வர, 150 முதல் 200 மணி நேரப் படிப்பு வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் சொல்லும் கணக்கு. நாளுக்கு இரண்டு மணி என்றால் மூன்று மாதம். "பதினைந்தே நாளில் 7 பேண்ட்" என்ற நோட்டீஸைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் கட்டுரை எழுதிப் பழகுங்கள். தாள் விலை மிச்சம்.

முதல் வாரமே ஒரு முழு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதி, எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். வேண்டிய மதிப்பெண்ணுக்கு அரையாவது குறைவாக இருக்கும்வரை தேதி பதியாதீர்கள். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு இரண்டு மாதமாவது முன்னால் தேதி எடுங்கள். சறுக்கினால் மறுபடி எழுத அவகாசம் வேண்டும்.

முந்தைய நாள்

மலையிலிருந்து கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் ஒரு நாளைக்குச் சிலதுதான். அதில் ஒன்று வராமல் போனாலோ, மழையில் மரம் விழுந்தாலோ, காலைத் தேர்வு கைவிட்டுப் போய்விடும். தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள். பணமும் திரும்பாது. முந்தைய நாளே இறங்கிவிடுங்கள். நெடுமங்காட்டிலோ நகரத்திலோ சித்தி வீடு, தோழி விடுதி, எதுவானாலும் சரி. சாயங்காலமே போய் மையத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று தெரியும். பேசும் தேர்வு அதே நாளா, வேறு நாளா என்பதை அழைப்பில் சரிபாருங்கள். இரண்டுக்கும் ஒரே நாள் என்று நினைத்து ஊர் திரும்பியவர் உண்டு.

அன்றிரவு புதிதாக எதையும் படிக்காதீர்கள். வாட்ச், போன், பர்ஸ் எல்லாம் வெளியில்தான் வைக்க வேண்டியிருக்கும், அதனால் நகை நட்டும் வேண்டாம். லேபிள் கிழித்த தண்ணீர் பாட்டில் ஒன்று. பாஸ்போர்ட்டைப் பையின் உள் அறையில் வைத்து, ஜிப்பைப் போட்டு, இன்னொரு தடவை திறந்து பார்த்துவிட்டு, பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுங்கள்.